சட்டைக்குள் இருந்த கண்ணாடிக் குழாய்

பழனி
11-5-1964

அடைக்கலம் சார் அவர்களுக்கு,

சேனாதிபதியின் மனைவி தமயந்தி எழுதுவது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டதும் உங்களுக்குப் பகீரென்றிருக்கும். இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது.

வட்டக்கானல் பாறைக்குக் கீழே அவர் உடலைக் கண்டெடுத்தபோது அவர் சட்டையையும், சட்டைக்குள் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயையும் போலீஸ்காரர் என்னிடம் கொடுத்தார். ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் அடைத்தது, உள்ளே வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ. உங்கள் ஆராய்ச்சி அறைச் சாமான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானும் தரவில்லை. சட்டையிலேயே சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

போன வருஷம் சித்திரையில் அதை எடுத்துச் சாமி மாடத்தில் நிறுத்தி வைத்தேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே இருந்த வெள்ளை மெழுகு சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. பொழுது சாய்ந்ததும் பழையபடி வெள்ளை. மறுநாளும் அப்படியே. வெயில் காலம் முழுக்க அப்படித்தான். இந்த வருஷமும் தொடங்கிவிட்டது.

நான் ஒருத்தி கண்டிருந்தால் மூளை கலங்கிவிட்டது என்று இருந்திருப்பேன். மாமனாரும் கண்டார். அடிவாரத்தில் நாற்பது வருஷமாகப் பஞ்சாமிர்தம் கிண்டுகிற மனிதர், எதற்கும் அசையாதவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து “எம் மவன்தான் வந்துட்டுப் போறான்” என்றார். குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உயிர் கண்ணாடிக்குள் அடைந்து கிடக்கிறதாம், உடைத்துச் சண்முகநதியில் விடச் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. குழாயை நான் பிடித்தால் என் விரல் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கம், சந்தோஷமாகவும் இருக்கிறது.

மகள் சுந்தரிக்கு எட்டு வயது. மூன்று மணியானால் விளையாட்டை விட்டுவிட்டு வந்து மாடத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். இது நல்லதற்கில்லை.

அது என்ன என்று எழுதுங்கள். பொருளா, வேறு ஏதாவதா?

தமயந்தி


கொடைக்கானல்
17-5-1964

அன்புள்ள தங்கை தமயந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பயப்பட எதுவும் இல்லை. அது பொருள்தான்.

பூம்பாறைக் கேரட்டை அரைத்து, காய்ச்சி, வடித்து நானும் சேனாதிபதியும் ஒரு மெழுகு எடுத்தோம். அதை நிலக்கடலை எண்ணெயிலிருந்து பிரித்த அமிலத்தோடு சேர்த்தால் வருவதுதான் அந்தக் குழாயில் இருப்பது. அது முழுக்கத் திரவமும் இல்லை, முழுக்கத் திடமும் இல்லை. ஓடும். ஆனால் உள்ளே படிகத்தில் இருப்பது போல ஒரு ஒழுங்கு இருக்கும். திரவப் படிகம் என்று சொல்லலாம். குளிரில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்தால் உருகி, முதலில் சிவப்பு, பிறகு பச்சை, நீலம் காட்டும். அதற்கும் மேலே சூடு ஏறினால் நிறம் போய்த் தண்ணீர் போலத் தெளிந்துவிடும்.

கொடைக்கானல் குளிரில் அது தானாக ஒருநாளும் நிறம் காட்டாது. பழனியில் சித்திரை வெயிலில் உன் வீட்டு மாடமே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான். இதைச் சுந்தரிக்கும் பெரியவருக்கும் எடுத்துச் சொல்.

அதை வைத்துக்கொண்டு நீங்கள் அல்லல்பட வேண்டாம். பஞ்சில் பொதிந்து தபாலில் அனுப்பிவிட்டால் நான் பத்திரப்படுத்திக்கொள்கிறேன். வீட்டில் சகாயராணி உன்னை விசாரித்தாள்.

இப்படிக்கு,
அடைக்கலம்


பழனி
25-5-1964

அடைக்கலம் சார் அவர்களுக்கு,

தங்கை என்று எழுத வேண்டாம். அந்த உறவை 1961 கார்த்திகைக்கு முன்னால் கொண்டாடினோம். ஆடு தின்னாத கேரட்டை எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் அரைக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நானும் சகாயராணி அக்காவும் சிரித்த காலம் அது.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். மாமனார் தலையாட்டினார், நம்பவில்லை. சுந்தரி குழாயை அக்குளில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமா, சூடுதான்” என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்து உட்கார்ந்தாள். எனக்கும் அதே கதைதான். காரணம் தெரிந்த பிறகும் மாடத்துக்கு வந்து நிற்கிறேன்.

குழாயைத் தர மாட்டேன். உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன்.

ஒன்று. என் வீட்டுக்காரர் பொய் அளவு எழுதினாரா? எழுதினார் என்று நீங்கள்தான் சென்னைத் தலைமை ஆபீசுக்குக் கடிதம் போட்டீர்கள். அந்தப் பேர் இங்கே வந்து சேர எட்டு நாள் ஆகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பள்ளிக்கூடத்தில் சுந்தரி கணக்கைத் தப்பாகப் போட்டால்கூட, “அப்பன் மாதிரி மனசுல தோணுனத எழுதுது” என்கிறார்கள்.

இரண்டு. அகப்பட்ட வெட்கத்தில் அவர் பாறையிலிருந்து குதித்தார் என்று என் கொழுந்தன் பொன்னுவேலே சொல்கிறான். குதித்தாரா?

இன்னொன்று. அந்தக் குழாயில் நிறம் மட்டும் மாறவில்லை. உள்ளே இருப்பது இறங்கவும் செய்கிறது. பேயா பொருளா என்று பார்க்க, போன சித்திரை முதல் மாசத்துக்கு ஒரு தடவை அதன் மேல்மட்டத்தில் கண்மையால் கோடு போட்டு வந்தேன்.

தமயந்தி


கொடைக்கானல்
2-6-1964

தமயந்திக்கு,

நீ கடைசியில் எழுதிய நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

எங்களுக்குள் நடந்த சண்டையே அதுதான். திரவம் எவ்வளவு கெட்டி என்பதைக் குறுகலான குழாயில் ஓடவிட்டு, எடுக்கும் நேரத்தை வைத்து அளப்போம். நான் வெந்நீர்த் தொட்டியில் குழாயை வைத்து, சைக்கிள் பம்பால் காற்றைக் கொடுத்துத் தள்ளினேன். விளக்கெண்ணெய் போல ஓடியது. சேனாதிபதி அதைத் தள்ளவே இல்லை. தன் கனத்திலேயே இறங்கட்டும் என்று விட்டான். வெந்நீரை நாள் முழுக்க ஒரே சூட்டில் வைக்க வசதி இல்லாததால் குழாயைச் சட்டைக்குள் நெஞ்சோடு நிமிர்த்திக் கட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பான். நிறம் மாறாமல் இருந்தால் சூடும் மாறவில்லை என்று அர்த்தம். எட்டு மணி நேரத்தில் அளவுகோலில் அரைக் கோடு இறங்கியது என்று எழுதினான். என் கணக்குப்படி அது சில நிமிஷத்தில் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். ஒரே பொருள் ஒரே சூட்டில் ஓரிடத்தில் எண்ணெயாகவும் ஓரிடத்தில் கல்லாகவும் எப்படி இருக்கும்? நீ தூங்கிவிட்டு எழுதியிருக்கிறாய் என்று அவனிடம் சொன்னேன்.

தயவுசெய்து கோடுகளின் இடைவெளியை எனக்கு எழுது. இன்னொன்றும் யோசித்துச் சொல்ல வேண்டும். எந்த நாளாவது அது நிறம் போய், தண்ணீர் போலத் தெளிந்ததா? அப்படி ஆகியிருந்தால் அளவு செல்லாது.

அடைக்கலம்


பழனி
9-6-1964

அடைக்கலம் சார் அவர்களுக்கு,

அவரைச் சந்தேகப்பட்டது போதாது என்று இப்போது என்னையும் ஆரம்பித்துவிட்டீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்கே?

பன்னிரண்டு கோடு போட்டிருக்கிறேன். முதல் கோட்டுக்கும் பன்னிரண்டாவது கோட்டுக்கும் நடுவில் ஒரு நெல்லை நெடுக்காக வைத்தால் நெல் பெரிதாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மாமனாருக்கு வாசித்தேன். பம்பு வைத்துத் தள்ளினால் ஓடுகிறது, சும்மா விட்டால் நகரவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “இதுல என்ன அதிசயம்? பஞ்சாமிர்தத்த வெரசாக் கிண்டுனா எளகிக் குடுக்கும். மெல்லத் துடுப்பப் போட்டா மல்லுக்கட்டும். அவன் சின்னதுல இருந்து என்கூடக் கிண்டுனவன்” என்றார். அதையே என் வீட்டுக்காரர் உங்களிடமும் சொல்லியிருக்கிறார். இது ஆராய்ச்சி அறை, பஞ்சாமிர்தக் கடை இல்லை என்று நீங்கள் பதில் சொன்னீர்களாம். கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது சொல்லி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தமயந்தி


பழனி
20-6-1964

அடைக்கலம் சார் அவர்களுக்கு,

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். பொய் அளவு என்று யாராவது சொன்னால் அடிக்கப் போகிற நான், நானே அந்த வேலையைச் செய்யலாமா?

ஒரு நாள் தெளிந்தது. இந்தச் சித்திரை நடுவில், பன்னிரண்டாவது கோடு போட்ட பிறகு, எனக்கு விஷக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் வேகத்தில் குழாயை எடுத்து, அவர் வைத்துக்கொண்டது போலவே நெஞ்சோடு சேலையில் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் வந்தது. பிறகு நிறமே இல்லை, வெறும் தண்ணீர். என் கண் எதிரே நாலு விரற்கடை கடகடவென்று அடிக்கு இறங்கிவிட்டது. அரிசி களைகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷமாக நெல்லளவு நகராதது, அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓடிவிட்டது. அவர் போய்விட்டார் என்று வாய்விட்டு அழுதேன். மாமனார் அடுப்பை விட்டு ஓடி வந்தார்.

காய்ச்சல் இறங்கியதும் நிறம் திரும்பி வந்தது. ஆனால் எல்லாம் அடியில் கிடந்தது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதியது அதனால்தான்.

அளவு கெட்டுவிட்டது என்றால் கெட்டுவிட்டது. அவர் பேரைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது இது ஒன்றுதான்.

தமயந்தி


கொடைக்கானல்
30-8-1964

தமயந்திக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உன் காய்ச்சல் அளவைக் கெடுக்கவில்லை. எனக்கு மூன்று வருஷமாகப் புரியாததைப் புரிய வைத்தது. நிறம் இருக்கும்வரை உள்ளே உள்ள அடுக்கு, ஓட்டத்துக்கு இடம் கொடுப்பதில்லை. நிறம் போனால் அடுக்கும் போய்விடுகிறது, ஓடிவிடுகிறது. பம்பு அழுத்தத்தில் நான் அந்த அடுக்கை உடைத்துத் தள்ளியிருக்கிறேன். அவன் உடைக்காமல் பார்த்திருக்கிறான். இரண்டு அளவும் உண்மை. என் அளவு மட்டும்தான் உண்மை என்று நான் சொன்னதுதான் பொய்.

உன்னை மட்டும் நம்பி எழுதவில்லை. மிச்சமிருந்த மெழுகில் புதுக் குழாய் செய்து, ஆடி மாசம் முழுக்கச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்த அதே முக்காலிதான். மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டியிருக்கிறது. இருபத்தாறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அரைக் கோடுதான். ஐந்தாம் நாளே தெரிந்துவிட்டது. மிச்ச நாள் எதற்கு உட்கார்ந்தேன் என்று சகாயராணி கேட்டாள்.

முதல் கேள்விக்குப் பதில்: உன் கணவன் பொய் எழுதவில்லை. சென்னைக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காட்டு.

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வழி என்னிடம் இருக்கிறது, தைரியம் இல்லை. அவன் பையில் எண்ணெய்த்துணியில் சுற்றி ஒரு நோட்டு இருந்தது. ஆராய்ச்சி அறைச் சாமான் என்று போலீஸார் என்னிடம் கொடுத்தார்கள். கந்தக அமிலப் புட்டிக்குப் பின்னால் வைத்தேன். இன்றுவரை முடிச்சை அவிழ்க்கவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பானோ என்று பயம். அன்று காலை அவன் வட்டக்கானலில் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மழையும் மேகமும் இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் சகாயராணி, “ஒரு ஆள அனுப்பிப் பாருங்க, வழுக்கப் பாதை” என்றாள். கோபம் ஆறினால் கடுதாசி போடுவான், எனக்கு வேறு சோலி இருக்கிறது என்றேன். மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

அடைக்கலம்


பழனி
7-9-1964

நோட்டைப் பிரியுங்கள். அதில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள். உங்களைப் பற்றி இருந்தால் அதையும் சேர்த்து.

குழாயை நான் மூன்று வருஷமாகப் பயத்தோடுதான் வைத்திருந்தேன். வைத்திருந்தேனே.

தமயந்தி


கொடைக்கானல்
14-11-1964

தமயந்திக்கு,

இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். இன்று தேதி பார்த்தாயா? காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து முடிச்சை அவிழ்த்தேன். பென்சிலில் எழுதியிருப்பதால் ஈரத்தில் அழியவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய இதே தேதி. நீ சொன்னபடி எழுத்து விடாமல் எழுதுகிறேன்.

“14-11-61. காலை 7.10. கிளம்பும் முன். குழாய் சட்டைக்குள், நிமிர்ந்த நிலை. நிறம் பச்சை. மட்டம் 12. அண்ணன் இன்றும் நம்பவில்லை. போகிற வழியெல்லாம் அளந்து, முடிவை ஊரிலிருந்து தபாலில் அனுப்பிவிடுவேன். அப்போது என்ன சொல்வார் பார்க்கலாம்.

9.00. பச்சை. 12. நடந்தால் ஆடுகிறது. ஆடினால் இறக்கம் கூடுமா என்று பிறகு பார்க்க வேண்டும்.

10.20. பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கால் முறிந்திருக்கிறது. குழாய் உடையவில்லை. மரத்தில் சாய்ந்து நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன். பச்சை. 12.

11.30. பச்சை. 12. கூப்பிட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம்.

1.45. பச்சையில் சிவப்பு கலந்திருக்கிறது. 12¼. சூடு குறைகிறது. கையை மேலே வைத்துப் பொத்தியிருக்கிறேன்.

3.30. முழுச் சிவப்பு. 12½. எட்டு மணி நேரத்தில் அரைக் கோடு. பழைய அளவுதான், சரியாக இருக்கிறது. சுந்தரிக்குச் சிவப்புதான் பிடிக்கும், ஊருக்குப் போனதும் காட்ட வேண்டும். இதற்குள் அண்ணன் ஆள் அனுப்பியிருப்பார்.

5.40. நிறம் போய்விட்டது. வெள்ளை. இதற்குப் பிறகு உள்ள அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்.”

அவ்வளவுதான். அதற்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அவன் குதிக்கவில்லை. குதிக்கிறவன் முடிவைத் தபாலில் அனுப்பத் திட்டம் போடமாட்டான். பொன்னுவேலிடம் சொல். அவனைக் கண்டெடுத்தபோது கை சட்டைக்குள் இருந்தது என்று போலீஸார் சொன்னது நினைவிருக்கிறதா? குளிருக்காக வைத்துக்கொண்டான் என்று நாம் நினைத்தோம்.

வெள்ளை என்று எழுதினானே, அது எந்தச் சூட்டில் வெள்ளையாகும் என்று அவனுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறான். பொய் எழுதுகிறவன் என்று நான் சொன்ன மனிதன், தன் உடம்பு ஆறிப்போவதையும் அளவாக எழுதி, அது செல்லாது என்று குறிப்பும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

3.30 மணிக்கு எழுதிய கடைசி வரியைப் பாதிரியாரிடம் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பு உண்டு என்றார். மத்தியானம் மூன்றரை ஆனால் எனக்கு இந்த அறையில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வட்டக்கானல் பக்கம் பார்க்கிறேன். யாரையோ அனுப்ப வேண்டும் என்று தோன்றுகிறது. யாரை எங்கே அனுப்புவது?

அடைக்கலம்


பழனி
22-1-1965

அடைக்கலம் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. மன்னித்தேன் என்று எழுதவும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பொன்னுவேலைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தேன். தலை நிமிரவில்லை. பூசம் கழிந்த மறுநாள், தானாகக் குதித்தவர் என்று செய்யாமல் விட்டிருந்த காரியத்தை அவனே முன்னின்று சண்முகநதிக் கரையில் செய்தான். மாமனார் கடைக்குப் போய்க் கொப்பரையில் துடுப்பைப் போட்டு, மெல்ல, மிக மெல்லக் கிண்டிக்கொண்டிருந்தார். யாத்திரைக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

சுந்தரி ஒன்று கேட்டாள். “சாயங்காலம் வெள்ளையாச்சுன்னு எழுதுறதுக்கு, அப்பா சட்டைய வெலக்கிப் பாத்திருப்பாருல்ல? வெலக்குனா இன்னும் குளிருமே. எதுக்குப் பாத்தாரு?” பார்க்காமல் எழுதக் கூடாது என்று நினைத்திருப்பார் என்றேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள்.

குழாயைத் தலைகீழாக நிறுத்திவிட்டேன். அடியில் கிடந்தது இப்போது மேலே இருக்கிறது. தை மாசக் குளிரில் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, நகராது. மேல்மட்டத்தில் சுந்தரி கண்மையால் முதல் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறாள். சித்திரை பிறந்தால் மத்தியானம் மூன்று மணிக்குச் சிவக்கும்.

அந்த நேரத்தில்தான் உங்களால் அறையில் உட்கார முடியவில்லை என்றீர்கள். சித்திரையில் வெள்ளனே பஸ் ஏறினால் மூன்று மணிக்குள் இங்கே வந்துவிடலாம். வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். நகல் வேண்டாம்.

தமயந்தி